மலைநாட்டில் இரு கொடிகள்



ஆண்டுதோறும் பெப்ரவரித் திங்கள் நான்காம் நாளையொட்டி, ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கொல்லை, நுவரெலியா ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டப் பகுதிப் பாடசாலைகளிலே சிங்கக்கொடி ஏற்றப்படுகின்றது. அதற்கு முந்திய நாட்களில், சித்திர பாடவேளையிலே பிள்ளைகள் கொடியை வரைவார்கள். சிங்கத்தின் பிடரியும், வாளேந்திய முன்னங்காலும், மேலெழுந்து வளைந்த வாலும் சிறு கைகளுக்கு எளிதில் அடங்குவதில்லை. எத்தனை முறை அழித்து வரைந்தாலும் சிங்கம் பூனையாகவோ நாயாகவோ முடிந்துவிடும். ஆனால் ஓரத்திலுள்ள பச்சைப் பட்டையையும் செம்மஞ்சட் பட்டையையும் அவர்கள் நொடிப்பொழுதில் தீட்டிவிடுவர். அவ்வேளையில், “சேர், இதுல நாங்க எங்க இருக்கோம்?” என்று யாரேனும் ஒரு பிள்ளை கேட்பதுண்டு. செம்மஞ்சட் பட்டையைச் சுட்டிக் காட்டி ஆசிரியர் மறுமொழி சொல்லிவிடலாம். மறுமொழி சொல்வது எளிது. அம்மறுமொழிக்குப் பின்னே கிடக்கும் வரலாறோ அத்துணை எளிதன்று.

ஒரு நாடு விடுதலைக்காகப் போராடுங்காலத்து, அந்நாட்டின் கொடி மக்களுள்ளத்திலே தேசிய உணர்வை எவ்வாறு வளர்க்கின்றது என்பதைப் பலர் ஆராய்ந்துள்ளனர். பெரும்பாலும் அவ்வாராய்ச்சிகள் ஒரு மக்களுக்கு ஒரு கொடி என்ற கணக்கிலே நடைபெறுகின்றன. இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ் மக்களுக்கோ ஒரே தலைமுறையில் இரு கொடிகள் எதிர்ப்பட்டன. ஒன்று அவர்களை மனிதராக நிமிர்ந்து நிற்கச் செய்தது. மற்றொன்று அவர்கள் பிறந்து வளர்ந்த மண்ணின் கொடி. இரண்டுக்குமிடையே அவர்கள் பட்ட பாடு, கொடியின் ஆற்றலையும் அவ்வாற்றலின் எல்லையையும் ஒருங்கே காட்டுவதாகும்.

கொடி தமிழருக்குப் புதிய பொருளன்று. சேரனுக்கு வில்லும், சோழனுக்குப் புலியும், பாண்டியனுக்குக் கயலும் கொடியில் இலங்கின. முருகப்பெருமானுக்குச் சேவற்கொடி. கோயில் திருவிழா தொடங்குவது கொடியேற்றத்தோடுதான். ஆயினும் அக்கொடிகள் யாவும் உடையவன் இன்னான் என்பதை அறிவிக்க எழுந்தவை. இக்கோட்டை இன்ன மன்னனுடையது, இப்படை இன்னாரைச் சேர்ந்தது, இவ்விழா இத்தெய்வத்துக்குரியது என்பனவே அவை சொன்ன செய்தி. கொடியின் கீழ் நின்ற குடியானவனுக்கு அதில் உரிமை ஏதும் இருந்ததில்லை. அவன் பணிந்து நின்றான், அவ்வளவே. மலைநாட்டில் ஆங்கிலேயர் ஏற்றிய யூனியன் கொடியும் இவ்வகையைச் சேர்ந்ததே.

விடுதலை இயக்கங்களின் கொடி இதனைத் தலைகீழாக்கிற்று. அரசு கையில் இல்லாதவர்கள், நாளை வரப்போகும் ஓர் அரசை இன்றே வந்துவிட்டதாகக் கொண்டு ஏந்திய கொடி அது. அதனை ஏற்றுவதற்குக் கோட்டை வேண்டியதில்லை. ஒரு மூங்கிற் கழி போதும்.

இந்தியக் கொடி ஒரே நாளில் உருவானதன்று. 1907ஆம் ஆண்டில் பிக்காஜி காமா அம்மையார் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் கூடிய சர்வதேச சமதர்ம மாநாட்டில் விரித்த கொடி ஒன்று. பாரதியார் கொடிப் பாட்டில் காணப்படும் கொடியோ இந்திரனின் வச்சிரமும் வந்தே மாதரம் என்னும் எழுத்தும் பொறித்தது. 1921இல் மறைந்த அப்பெருங்கவிஞர், பிற்காலத்தில் நாடெங்கும் பறந்த மூவர்ணக் கொடியைப் பாடினாரல்லர் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அவ்வாண்டிலேதான் பிங்கலி வெங்கையா விஜயவாடாவில் காந்தியடிகளிடம் கொடியின் மாதிரியைக் கொடுத்தார். சிவப்பும் பச்சையும் கொண்ட அம்மாதிரியோடு வெண்மையும் கைராட்டினமும் சேரவேண்டுமென்று காந்தியடிகள் கருதினார்.

இந்த இராட்டினம் சிறிது நின்று நோக்கத்தக்கது. உலகத்துக் கொடிகளில் சிங்கமும் கழுகும் வாளும் கிரீடமும் நிறைந்திருந்த காலம் அது. அவற்றினிடையே ஓர் ஏழைக் கிழவி திண்ணையில் வைத்துச் சுற்றும் கருவி ஒரு நாட்டின் கொடியிலே இடம்பெற்றது. கொடியை ஏந்துபவன் நெய்தவனாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் அதனால் உண்டாயிற்று. கைநூல் நூற்றுக் கதர் நெய்து அதைக் கொடியாக்கினால், கொடியை உண்டாக்கும் தொழிலே தேசியத் தொண்டாகிவிடுகின்றது. எழுத்தறியாதவனும் அதனை வாசிக்கலாம். தீர்மானங்களையும் அறிக்கைகளையும் படித்தறிந்தோர் நூற்றுக்குப் பத்துப்பேர் இருந்திருந்தால் அதுவே மிகுதி. இராட்டினம் பொறித்த துணியைக் கண்டறியாதவர் இல்லை.

கொடிக்கு வலிமை தந்த இன்னொன்று அரசாங்கத்தின் அச்சம். 1923ஆம் ஆண்டு நாகபுரியில் ஆங்கிலேயர் வாழ்ந்த பகுதிக்குள்ளே கொடியேந்திச் செல்லக்கூடாதென்று தடை பிறந்தது. நாட்டின் பல மாகாணங்களிலிருந்தும் தொண்டர்கள் அங்கே சென்று, நாள்தோறும் கொடியுடன் நடந்து, நாள்தோறும் சிறைப்பட்டனர். ஜம்னாலால் பஜாஜ் கைதானபின் வல்லபாய் படேல் முன்னின்று நடத்திய அப்போர் அவ்வாண்டு ஆகஸ்டில் முடிவுற்றது. தடைவிதிக்காமல் விட்டிருந்தால் அக்கொடி ஒரு கட்சியின் கொடியாக நின்றிருக்கக்கூடும். தடுத்தமையால் அது நாட்டின் கொடியாயிற்று. ஆள்வோர்க்கு இதில் தப்பும் வழியில்லை. கண்டும் காணாதிருந்தால் கொடி பரவும், தண்டித்தால் இன்னும் விரைந்து பரவும்.

தமிழ்நாட்டில் இதற்குச் சான்று திருப்பூர்க் குமரன். சென்னிமலையிற் பிறந்த அவ்விளைஞர் 1932 ஜனவரி 10ஆம் நாள் ஊர்வலத்தில் தடியடிபட்டு, கொடியைக் கைவிடாமலே வீழ்ந்து, மறுநாள் உயிர்நீத்தார். அடுத்த இரு வாரங்களில், ஜனவரி 26ஆம் நாள், ஆர்யா என்றழைக்கப்பட்ட பாஷ்யம் சென்னைக் கோட்டையின் கொடிமரத்திலேறி மூவர்ணத்தைப் பறக்கவிட்டார். குமரனின் பெயர் ‘கொடி காத்த’ என்ற அடைமொழியின்றி இன்றும் வழங்குவதில்லை. அவர் பேசிய பேச்சு ஒன்றும் நூல்களில் இடம்பெறவில்லை. கை விடாமற் பற்றியிருந்த அந்தக் கழிதான் பேசிற்று.

இனி மலைநாட்டுக்கு வருவோம்.

கோப்பிப் பயிர் நோயால் அழிந்து தேயிலை பெருகிய காலந்தொட்டு, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய சீமைகளிலிருந்து மக்கள் கங்காணிமாரின் கீழ்க் கூட்டங்கூட்டமாக வந்து சேர்ந்தனர். விடியுமுன் தப்படிக்கும் ஓசைக்கு எழுந்து, பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்று, பெயர் கூப்பிட்டபின் மலைக்கு ஏறுவது அவர்களுடைய நாள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள லயத்து அறை அவர்களுடைய வீடு. துரையின் உத்தரவின்றி அந்நியர் தோட்டத்துக்குள் நுழைய இயலாது. நுழைந்தால் அத்துமீறற் சட்டம் பாயும். ஆகவே வெளியுலகச் செய்தி அங்கே தாமதித்தே வந்தது. ஊருக்குப் போய் மண்டபம் முகாம் வழியே திரும்பியவர் வாயிலாகவும், ஹட்டன் கடைத்தெருவில் யாரோ உரக்கப் படித்த செய்தித்தாள் வாயிலாகவும் அது வந்தது.

1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தார். கதர் நிதி திரட்டுவதே அப்பயணத்தின் நோக்கம். கண்டிக்கும் பதுளைக்கும் அவர் சென்றார். தோட்டத் தொழிலாளரும் நிதியளித்தனர். அன்றாடங்காய்ச்சிகளான மக்கள், கடலுக்கப்பால் வாழும் தம்மினும் ஏழைகளான நூற்போர்க்கு உதவியதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இலங்கையிலே அவர்களைக் ‘கூலி’ என்ற ஒரே சொல்லால் அழைத்தனர். அச்சொல்லுக்கு வெளியே தமக்கு வேறொரு பெயருண்டு, தாம் ஒரு பெரிய நாட்டின் மக்கள், உலகமே வியக்கும் ஒரு மனிதர் தம்மைத் தேடி வருகின்றார் என்ற உணர்வு அவர்களுக்கு அன்று பிறந்தது. காந்தியடிகளின் படம் லயத்துச் சுவர்களில், முருகன் படத்துக்கும் மாரியம்மன் படத்துக்கும் பக்கத்திலே ஏறியது.

இவ்வுணர்வைத் தொழிற்சங்கமாகத் திரட்ட முனைந்தவர் கோ. நடேசையர். தஞ்சைச் சீமையிலிருந்து வந்து, ‘தேசபக்தன்’ பத்திரிகையை நடத்தி, 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தவர் அவர். தோட்டங்களுக்குள் நுழைவதற்காகப் புடைவை வியாபாரியைப்போல் மூட்டை சுமந்து சென்றாரென்று மலைநாட்டார் இன்றும் சொல்வர். அவர் துணைவியார் மீனாட்சியம்மையார் கூட்டங்களிலே பாட்டுப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். பேச்சுக்குக் காது கொடாத கூட்டமும் பாட்டுக்குக் கூடும் என்பதை அவ்வம்மையார் நன்கறிந்திருந்தார். பிற்காலத்துப் பேச்சாளர் பலர் அதனை மறந்து மணிக்கணக்கில் முழங்கினர் என்பது வேறு கதை.

1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலைசெய்த இந்தியரை நீக்கும் முடிவு எழுந்தபோது, இந்திய தேசிய காங்கிரஸ் ஜவாஹர்லால் நேருவை அனுப்பிற்று. அவர் வருகையை ஒட்டி அவ்வாண்டு ஜூலையில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. அடுத்த ஆண்டில் அதன் தொழிற்சங்கம் அமைந்தது. அது கொண்ட பெயரும், அதன் தொண்டர் உடுத்த கதரும், தலையில் வைத்த வெண்குல்லாயும், நெஞ்சில் நிறைந்த மூவர்ணமும் கடலுக்கு அக்கரையிலிருந்தே வந்தன. அது தவிர்க்கமுடியாதது. அந்நாளில் அவர்களுக்கு வேறெந்தக் கொடியும் கைநீட்டவில்லை.

செங்கொடி ஒன்று இருந்தது என்பதையும் கூறாமல் விடுதல் முறையன்று. லங்கா சமசமாஜக் கட்சியினர் இன வேறுபாடின்றித் தொழிலாளரை அழைத்தனர். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் அவர்களுடைய சங்கம் நடத்திய வேலைநிறுத்தத்தின்போது, 10ஆம் நாள் பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி இறந்தார். திருப்பூரிற் குமரன் அடிபட்ட அதே நாள், எட்டாண்டு பிந்தியது. குமரனின் பெயருக்குத் தமிழ்நாட்டில் நினைவகம் உண்டு. கோவிந்தனின் பெயரை மலைநாட்டுக்கு வெளியே அறிந்தோர் சிலரே. அவர் இறந்தது ஒரு நாட்டின் கொடிக்காக அன்று. பதினாறு சதம் கூலி உயர்வு கேட்டவர்களுள் ஒருவராக. நாட்டு விடுதலைக்கு இறந்தவரைக் கொடி நினைவில் வைத்துக்கொள்கின்றது. கூலிக்கு இறந்தவரை நினைவில் வைக்க அத்தகைய துணியொன்று நெய்யப்படவில்லை போலும்.

இக்காலத்துள் சிங்கள மக்களிடையே மற்றொரு கொடி எழுந்துகொண்டிருந்தது. அதன் கதை சுவையானது. 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கையோடு கண்டியரசு ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. அரசனின் கொடியும் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. நூறாண்டு கழிந்தபின், ஈ. டபிள்யூ. பெரேரா இலண்டனில் செல்சி மருத்துவமனையில் அது வைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். ‘தினமின’ பத்திரிகை அதன் படத்தை வெளியிட்டது. சிங்களவரின் கொடிகளைப் பற்றிப் பெரேரா எழுதிய நூல் 1916இல் வெளிவந்தது. மறந்துபோன ஒரு கொடியின் படம் ஒரு பத்திரிகையின் பக்கத்தில் வந்த அளவிலே, இழந்த அரசு ஒன்று மீண்டும் கண்முன் வந்து நின்றது. கண்டிச் சீமைக் குடியானவருக்கு அது வெறும் பெருமையன்று. அவர்களுடைய காடும் சேனையும் தோட்டங்களாக மாறிவிட்டன. அத்தோட்டங்களிலே வெள்ளையன் கொண்டுவந்து குடியேற்றிய வேற்று மக்கள் நிறைந்திருந்தனர். அவர்கள் இழந்தது நிலம். இவர்கள் இழந்தது ஊர். இழப்புக்குக் காரணமான துரை பங்களாவில் இருந்தான். பள்ளத்துக் கிராமத்தாரும் மேட்டு லயத்தாரும் ஒருவரையொருவர் ஐயுற்று நோக்கினர்.

இங்கே வரலாறு செய்த விந்தையொன்றைக் குறிப்பிடவேண்டும். அந்தச் சிங்கக்கொடியின் கடைசி உரிமையாளனான சிறீ விக்கிரம ராஜசிங்கன் யார்? மதுரையிலிருந்து கண்டிக்கு மணவுறவு கொண்டுவந்த நாயக்கர் மரபினன். கண்ணுசாமி என்ற இளமைப் பெயருடையவன். ஆங்கிலேயர் அவனை வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினர். 1832இல் அங்கேயே அவன் மாண்டான். மதுரைச் சீமையிலிருந்து வந்த மரபொன்று ஏந்திய கொடியைக் கண்டு, மதுரைச் சீமையிலிருந்து வந்த தொழிலாளி இது நமதன்று என்று ஒதுங்கி நிற்கும்படி ஆயிற்று.

1947இல் காரியங்கள் விரைந்து நடந்தன. ஜூலை 22ஆம் நாள் இந்திய அரசியல் நிர்ணய சபை மூவர்ணக் கொடியை நாட்டின் கொடியாக ஏற்றது. இராட்டினம் இருந்த இடத்தில் அசோகச் சக்கரம் அமர்ந்தது. ஆகஸ்டு 15இல் அது டில்லியிற் பறந்தது. அதற்கு எட்டு நாள் கழித்து இலங்கையிற் பொதுத் தேர்தல் தொடங்கியது. மலைநாட்டுத் தமிழர் வாக்களித்து ஏழு பேரை இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பிலே பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கொல்லையில் கவிஞர் ஸீ. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம், மஸ்கெலியாவில் மோத்தா என அவ்வரிசை நீண்டது. ஒரே மாதத்தில், பூர்விக நாட்டின் கொடி ஏறியதைக் கொண்டாடவும் வாழும் நாட்டின் அரசைத் தெரிவுசெய்யவும் அவர்களுக்கு வாய்த்தது. அவர்களுடைய உள்ளத்தில் இவ்விரண்டும் முரண்படவில்லை. பிறந்தகத்தை மறவாத மருமகள் புக்ககத்துக்கு உரியவளாகாமற் போவாளோ?

1948 ஜனவரி 16ஆம் நாள், கண்டியரசனின் சிங்கக்கொடியே சுதந்திர இலங்கையின் கொடியாதல் வேண்டுமென்று பாராளுமன்றத்தில் பிரேரணை வந்தது. கொண்டுவந்தவர் மட்டக்களப்பு முஸ்லிம் உறுப்பினரான சின்னலெப்பை என்பது கருதத்தக்கது. பெப்ரவரி 4இல் அக்கொடி ஏறியது. ஆயினும் பழைய அரசொன்றின் கொடி இன்றைய நாட்டின் எல்லா மக்களுக்கும் கொடியாகுமோ என்ற கேள்வி தமிழரிடையே எழுந்தது. அடுத்த மாதம் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கா ஒரு குழுவை அமைத்தார். பண்டாரநாயக்கா தலைமை வகித்த அக்குழுவில் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் மூதவை உறுப்பினர் நடேசனும் டீ. பி. ஜாயாவும் இருந்தனர். சிங்கத்தை அப்படியே வைத்து, முஸ்லிம்களுக்குப் பச்சையும் தமிழருக்குச் செம்மஞ்சளுமாக இரண்டு பட்டைகளைச் சேர்க்கலாமெனக் குழு கூறியது. நடேசன் மட்டும் இணங்காமல் மாறுபட்ட கருத்தை எழுதி வைத்தார். 1951 மார்ச் 2ஆம் நாள் கொடி ஏற்றுக்கொள்ளப்பட்டது. கண்டி உடன்படிக்கையின் அதே மார்ச் 2. பின்னர் 1972இல் நான்கு மூலைகளிலும் அரசிலை வடிவம் தெளிவாக்கப்பட்டது.

இந்தியக் கொடிக்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடொன்று உண்டு. 1921இல் இந்தியக் கொடியின் நிறங்களையும் சமூகங்களுக்கே பங்கிட்டனர். சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெண்மை ஏனையோர்க்கு என்றனர். எமக்கென்று நிறம் எங்கே எனச் சீக்கியர் கேட்டனர். பங்கிடத் தொடங்கினால் முடிவிராதென்பதை உணர்ந்த காங்கிரஸ், 1931இல் நிறங்களை மாற்றியமைத்தபோது, அவை எச்சமூகத்தையும் குறிப்பனவல்ல. துணிவு, தியாகம், உண்மை, அமைதி, நம்பிக்கை முதலிய பண்புகளையே குறிக்கும் என்று தெளிவாக்கியது. இலங்கைக் குழு இருபதாண்டு கழித்து, இந்தியர் கைவிட்ட வழியை மேற்கொண்டது. நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் பங்கு தந்தால் அளவு கேட்கத் தோன்றும். சட்டத்துக்குள் சிங்கமும், சட்டத்துக்கு வெளியே பட்டைகளும் ஏன் என்ற கேள்வி வரும். அக்கேள்வி அன்றே வந்தது, இன்றும் ஓயவில்லை.

அயர்லாந்தின் கொடியும் இவ்வகையினதே. 1848இல் தோமஸ் பிரான்சிஸ் மீகர் அறிமுகஞ் செய்த அம்மூவர்ணத்தில் பச்சை கத்தோலிக்கருக்கு, செம்மஞ்சள் புரட்டஸ்தாந்தருக்கு, இடையே உள்ள வெண்மை இருவருக்குமிடையே நிலவவேண்டிய சமாதானத்துக்கு. கொடியில் சமாதானம் இருந்தது. வட அயர்லாந்தில் அது வருவதற்கு நெடுங்காலம் சென்றது.

இலங்கையில் நேர்ந்தது இதனினும் கசப்பானது. செம்மஞ்சட் பட்டை தமிழரைக் குறிக்குமென்று 1951 மார்ச்சில் பாராளுமன்றம் ஏற்றதே, அவ்வேளையில் மலைநாட்டுத் தமிழரின் நிலை யாது? 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்தியத் தமிழர் 7,80,000க்கு மேற்பட்டோர். நாட்டு மக்களில் நூற்றுக்குப் பன்னிருவர் அளவினர். சுதந்திரம் வந்து பத்துமாதம் ஆகுமுன்னே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பிறப்புப் பத்திரத்தை எங்கே தேடுவது? கங்காணியின் பேரேட்டில் இருந்த பெயர்களுக்குச் சட்டத்தின்முன் மதிப்பில்லை. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன் மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடைவிடாது வாழ்ந்தமையைக் காட்டவேண்டுமென்றது. அதே ஆண்டிலே தேர்தற் சட்டம் திருத்தப்பட்டு வாக்குரிமையும் போயிற்று.

வதிவோர் சட்டத்தை முதலில் ஒதுக்கி நின்ற இந்தியன் காங்கிரஸ், பின்னர் மனம்மாறி மக்களை மனுச்செய்யச் சொன்னது. மனுவுக்கு இறுதி நாள் 1951 ஆகஸ்டு 5. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக மனுக்கள் குவிந்தன. ஆண்டுகள் பல சென்றபின் பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. ஆக, பட்டை ஏற்கப்பட்ட மார்ச்சுக்கும் மனு முடிந்த ஆகஸ்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில், கொடியிலே இடம் பெற்றிருந்த மக்கள் கச்சேரி வாயிலிலே கடதாசிகளோடு நின்றனர். 1952 ஏப்ரலில் கொழும்பில் அவர்களுடைய தலைவர்கள் தொடங்கிய சத்தியாக்கிரகம் நான்கு மாதங்களுக்கு மேல் நீண்டது. அவ்வாண்டுத் தேர்தலில் ஏழு இடங்களும் மறைந்தன. மலைநாட்டுத் தமிழர் பிரதிநிதியொருவர் மீண்டும் வாக்கால் தெரிவானது 1977இல்.

அவர்களை மறுத்தோர் சொன்ன நியாயங்களுள் முதன்மையானது, இவர்களுடைய நெஞ்சில் இருப்பது இந்தியா என்பது. லயத்துச் சுவரிலிருந்த காந்தி படமும், கதர்க் குல்லாயும், மூவர்ணமும், சங்கத்தின் பெயரிலிருந்த ‘இந்தியன்’ என்ற சொல்லும் அதற்குச் சான்றாயின. எக்கொடி அவர்களைக் ‘கூலி’ என்ற சொல்லிலிருந்து மீட்டதோ, அக்கொடியே அவர்களை அந்நியரென்று காட்டவும் பயன்பட்டது. 1950இலே தொழிற்சங்கம் தன் பெயரிலிருந்து ‘இந்தியன்’ என்பதை நீக்கி, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆயிற்று. பெயர் மாறியதற்காக எவரும் மனம் மாறியதாகத் தெரியவில்லை.

இவ்விடத்து ஒன்றைத் துணிந்து சொல்லலாம். கொடியின்மேல் வைத்த அன்பு மக்களைச் சேர்ப்பது உண்மை. ஆனால் யார் உள்ளே, யார் வெளியே என்பதைத் தீர்ப்பது கொடியன்று, சட்டம். விடுதலைக்கு முன் கொடியை ஏந்த எவரும் விண்ணப்பம் எழுதவேண்டியதில்லை; விடுதலைக்குப்பின் விண்ணப்பம் எழுதினோருக்கும் இடமில்லையென்று சொல்ல முடிந்தது.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதென்பது ஏற்பாடு. 1974இல் அவர்களையும் பாதிபாதியாகப் பிரித்தனர். எந்தக் கொடியின் கீழ் வாழ விரும்புகின்றீர் என்று அம்மக்களைக் கேட்டு இவ்வெண்கள் எழுந்தனவல்ல. ஒரே லயத்தில் அண்ணனுக்கு ஒரு நாடும் தம்பிக்கு ஒரு நாடும் வாய்த்தன. ஹட்டனிலும் தலவாக்கொல்லையிலும் தலைமன்னாருக்கு ஏறியவர்களை வழியனுப்ப வந்தோரின் அழுகையால், அப்புகைவண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே மக்கள் பெயரிட்டனர். 1984இல் கப்பற் போக்குவரத்து நின்றது. போகவேண்டியவராகக் குறிக்கப்பட்டும் போகாது தங்கியோர் பலர். 1988ஆம் ஆண்டுச் சட்டமும், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை அளித்தன. கொடியில் பட்டை விழுந்து ஐம்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தியாவுக்குச் சென்றோருள் ஒரு பகுதியினர் நீலகிரியிலே குடியேறினர். அவர்களுக்கு வேலையளிப்பதற்கென்றே தமிழ்நாட்டரசு 1968இல் தேயிலைத் தோட்டங்களைத் திறந்தது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் அவர்கள் மறுபடியும் கொழுந்து பறித்தனர். ஆகஸ்டு 15இல் அத்தோட்டத்துப் பிள்ளைகள் மூவர்ணத்தின்கீழ் அணிவகுக்கின்றனர். பாட்டன் நெஞ்சில் வைத்திருந்த அதே கொடி. அக்கம்பக்கத்தார் அவர்களை இன்றும் அழைப்பது ‘சிலோன்காரர்’ என்று. அவர்களுடைய பெரியப்பன் சிற்றப்பன் பிள்ளைகள் டிக்கோயாவிலும் மஸ்கெலியாவிலும் பெப்ரவரி 4இல் சிங்கக்கொடியின்கீழ் நிற்கின்றனர். அவர்களுடைய பிறப்புப் பத்திரத்தில், பெற்றோரின் இனம் என்னுமிடத்தில், ‘இந்தியத் தமிழர்’ என்று எழுதப்பட்டிருக்கின்றது.